துண்டுக்குள் வலி பேசிய தரகர்

மதுரை ஜில்லா முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் தரகரைப் போல ஒரு தொல்லை பிடித்த மனிதர் கிடைக்க மாட்டார். அய்யலூர்ச் சந்தையில் ஆட்டுத் தரகு பார்த்தவர். சொந்தப் பேரை நான் கேட்கவில்லை. கேட்க அவர் விட்டதும் இல்லை.

ஐம்பதுகளின் கடைசியில் எனக்குக் காசநோய். திண்டுக்கல்லில் தோல் கிடங்கில் வேலை பார்த்தவன், இருமலில் ரத்தம் வந்து ஆஸ்பத்திரியில் போய் விழுந்தேன். தினம் ஒரு ஊசி, பல மாதம். பாதியில் விட்டால் செத்துப்போவாய் என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். எனக்கோ மூன்றாம் நாளே ஓடிவிட வேண்டும் போலிருந்தது. கஞ்சி மேல் கோபம், டாக்டர் மேல் கோபம், எட்டிப் பார்க்காத தம்பி மேல் கோபம். இது போதாதென்று அடுத்த கட்டிலில் தரகர்.

ஆட்டுச் சந்தையில் விலையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். வாங்குகிறவன் கையும் தரகர் கையும் ஒரு துண்டுக்குள் போகும். எத்தனை விரலைப் பிடிக்கிறார்களோ அதுதான் கணக்கு. சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. அந்த வித்தையை இந்த மனிதர் வார்டுக்குள் கொண்டுவந்தார்.

ஒரு நாள் நெஞ்சு வலியில் முனகிக்கொண்டிருந்தேன். துண்டை என் கைமேல் போட்டார்.

“வலி எம்புட்டு மாப்ளே? வாயால சொல்லாத. விரலப் பிடி.”

எரிச்சலில் ஐந்து விரலையும் சேர்த்து நெரித்தேன்.

“அஞ்சா? அடப்பாவி, கொம்பு முளைக்காத குட்டிக்கு இந்த விலையா? நல்லாப் பாத்துச் சொல்லு. மூச்சு இழுக்கையில வலிக்குதா, விடுறப்பவா?”

“இழுக்கையிலதான்யா.”

“அப்ப பாதி நேரம் வலியே இல்ல. மூணுக்கு முடி.”

சண்டை போட்டேன். மூச்சை இழுத்து, விட்டு, கவனித்துப் பார்த்து நாலுக்கு முடித்தேன். வலி எங்கேயும் போகவில்லை. ஆனால் இவ்வளவுதான் என்று தெரிந்ததும் தூக்கம் வந்தது.

அப்புறம் வார்டில் பாதிப் பேர் துண்டும் கையுமாக அலைந்தார்கள். பயத்துக்கும் பேரம் நடந்தது. பயமாயிருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல எந்த ஆம்பிளைக்கும் வராது. விரலுக்கு அந்த வீம்பு இல்லை.

நர்ஸம்மா கத்தினார். “துண்டுக்குள்ள என்னய்யா வச்சிருக்கீங்க? பீடியா?”

“யாவாரந்தாம்மா. கையக் குடுங்க, உங்க கோவம் எம்புட்டுனு பாப்போம்.”

நர்ஸம்மா துண்டைப் பிடுங்கிக் கொதிக்கிற தண்ணீரில் போட்டார். தரகர் போர்வைக்கு மாறிக்கொண்டார்.

இரண்டாம் மாதம் மூட்டையைக் கட்டிவிட்டேன். “இன்னைக்கே ஊருக்குப் போறேன். ஊசி குத்திக் குத்தி உக்கார இடமில்ல.”

“போ, யாரு வேணாங்குறா? கையக் குடுத்துட்டுப் போ.”

போர்வைக்குள் பத்து நாள் கேட்டார். முடியாது என்றேன். எட்டு, ஐந்து என்று இறங்கினார். கடைசியில் ஒரே விரல்.

“ஒரு நாளு இரு. அதுக்கு மேல கேட்டா செருப்பாலயே அடி.”

ஒரு நாள்தானே என்று இருந்தேன். மறுநாளும் அதே மூட்டை, அதே பேரம், அதே ஒற்றை விரல். இப்படியே ஒவ்வொரு நாளாக ஏமாற்றி ஊசி முழுவதையும் போட்டுக்கொள்ள வைத்துவிட்டார்.

இடையில் ஒரு சாயங்காலம் தரகருக்கே இருமலில் ரத்தம் வந்தது. என் துண்டை அவர் கைமேல் நான் போட்டேன். என் கையை மொத்தமாகக் கவ்விக்கொண்டார்.

“யோவ், இந்த விலைக்கு நான் வாங்க மாட்டேன். மெதுவா மூச்ச விடுய்யா” என்றேன்.

ரொம்ப நேரம் கழித்து ஒரு விரல் தளர்ந்தது.

அதற்குப் பிறகு ஒரு காலை, என் நெஞ்சு சுத்தமாகிவிட்டது, வீட்டுக்குப் போகலாம் என்றார் டாக்டர். தரகர் இன்னும் பல மாதம் இருக்க வேண்டும்.

“கெளம்பு மாப்ளே. உங்க ஊரு சாணார்பட்டி பஸ் போயிரும்.”

“செத்த நேரம் இருந்துட்டுப் போறேன்யா” என்று அவர் கட்டில் ஓரம் உட்கார்ந்தேன். ஒரு பஸ் போனது. அடுத்ததும் போனது. நான் எழுந்திருக்கவில்லை.