அத்தானுக்கு ஜெட் அனுப்பாதே

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் நாங்கள் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதப் பேனா ஓடவில்லை. நீயும் உன் வீட்டாரும் சுகமாக இருக்கத் தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

போனில் சொல்லலாம் என்றால் உன் அத்தான் பக்கத்தைவிட்டு நகர்வதில்லை. பெட்ரோல் கூடுதலாகப் பாயக் கார்புரேட்டருக்குப் பெரிய ஓட்டையுள்ள ஜெட் வேண்டுமென்று உன் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குச் சொல்லி அனுப்புவார். தயவுசெய்து கொடுத்துவிடாதே. போன மாதம் தண்ணீர்த் தொட்டி மேட்டில் அவருடைய சின்ன டூ-ஸ்ட்ரோக் வண்டி என்னையும் காய்கறிப் பையையும் சுமந்து திணறியபோது, எதிர்வீட்டு டெய்லர் புது ஸ்கூட்டரில் பக்கத்தில் வந்து, "என்ன சார், பின்னாலேருந்து தள்ளி விடட்டுமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்றைக்கே அத்தான் இன்ஜினைப் பிரித்துவிட்டார். சிலிண்டரின் ஓட்டைகளை அரத்தால் ராவிப் பெரிதாக்கினார். சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைத் தேய்த்து மெலிதாக்கச் சமமான கண்ணாடி வேண்டுமாம். சாமி படத்துக் கண்ணாடியைக் கழற்றி, அதன்மேல் உப்புத்தாளைப் போட்டுத் தேய்த்தார். கேட்டதற்கு, "சாமிக்கும் காத்தோட்டமா இருக்கட்டும்" என்றார். அந்த உப்புத்தாளை வீட்டுக் கணக்கில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல் பூஜைச் செலவில் எழுதி வைத்திருக்கிறேன்.

கடைசியில் வண்டி நன்றாக மூச்சு விடட்டும் என்று ஏர் ஃபில்டரையும் கழற்றிவிட்டார். காற்று கூடியது, பெட்ரோல் கூடவில்லை. நேற்று மேட்டின் பாதியில் இன்ஜின் கீச்சென்று கத்தி, சூடேறி, பிஸ்டன் இறுகி, பின்சக்கரம் அப்படியே நின்றுவிட்டது. வண்டி அவரோடு வழுக்கிக்கொண்டு போனதை நான் மாடியிலிருந்து பார்த்தேன். சாமி பெயர்கூட வாயில் வரவில்லை. முழங்கை சிராய்த்ததோடு போயிற்று. ஆனால் போன வருஷம் அவர் காலில் பிளேட் வைத்த டாக்டர், இன்னொரு தடவை விழுந்தால் நடை கிடையாது என்றது உனக்கும் தெரியும். இவரோ மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து, ஞாயிற்றுக்கிழமை அதே மேட்டில் போட்டி என்று டெய்லரிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். பிஸ்டனைத் தேய்த்து மறுபடி மாட்டியும் ஆயிற்று. "விழுந்தா யாரு பார்க்கிறது?" என்றேன். "நீதான் இருக்கியே" என்கிறார். நான் இருப்பது அதற்கா, தம்பி? தெருவில் எந்த வண்டி உறுமினாலும் கையில் இருப்பது கீழே விழுகிறது. நீ சொன்னால் கேட்பார். போட்டி வேண்டாம் என்று சொல். முடிந்தால் வண்டியையே விற்கச் சொல்.

குழந்தைக்கு என் முத்தம். உன் வியாபாரம் பெருகட்டும், அத்தானுக்கு எதையும் விற்காமலே.

உன் அக்கா

பி.கு.: இதைத் தபாலில் போடக் கிளம்பியபோது, வண்டியிலேயே வா என்றார். நான் பின்னால் இருந்தால் நிதானமாகப் போவார் என்று ஏறினேன். மேட்டடியில் டெய்லர் எங்களைத் தாண்டினார். அத்தான் முறுக்கினார். தொட்டிக்குச் சற்று முன்னால் மறுபடி அந்தக் கீச்சுச் சத்தம். "சோக்கை இழுங்க, பாதி போதும்" என்று முதுகில் குத்தினேன். இழுத்தார். பெட்ரோல் சேர்ந்ததும் சத்தம் அடங்கியது. டெய்லரைத் தாண்டிவிட்டோம். தாண்டும்போது நானும் ஒரு வார்த்தை சொன்னேன், அதை இங்கே எழுத மாட்டேன். ஆகையால் ஜெட்டை உடனே அனுப்பு. எத்தனை நாள் சோக்கைப் பிடித்துக்கொண்டே ஓட்டுவது? ஞாயிற்றுக்கிழமை யார் ஓட்டுவது என்பதில்தான் இப்போது வீட்டில் தகராறு. எனக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தவன் நீ. கால் சரியில்லாதவர் பின்னால் உட்காருவதுதான் நியாயம் என்று அவரிடம் நீயே எடுத்துச் சொல்.