நான் கலக்கிய பச்சைப் பொடி

ரோலரில் கசங்கிய தேயிலைக் கொழுந்து காற்றுப்பட்டுச் செம்பு நிறமாகும்போது ஒரு வாசனை வரும். பழுத்த ஆப்பிளும் ஈர மண்ணும் கலந்த மாதிரி. லிந்துலைப் பக்கம் ஒரு ஃபெக்டரியில், கொழுந்தைத் தூளாக்கும் பொறுப்புள்ள டீ மேக்கராக, அதை மோந்து பார்த்தே பாதி ஆயுளை ஓட்டிவிட்டேன். இப்போது அந்த வாசனையோடு வெட்கமும் சேர்ந்தே வருகிறது.

என் மனைவி செல்விக்கு இதய வால்வு மாற்றினார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்:

"ஆபரேஷன்ல ரத்தம் மெஷின் வழியா ஓடியிருக்கு. அதுல உடம்புக்குள்ள ஆக்சிஜனேற்ற அழுத்தம் கூடிரும், கல்லீரலும் களைச்சிரும். மருந்த மெதுவாத்தான் உடைக்கும். அதனாலதான் ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரைய கொறைச்சுத் தர்றேன். வேற எதுவும் குடுத்துறாதீங்க."

ஆக்சிஜனேற்றம் என்ற சொல்லோடு என் காது மூடிக்கொண்டது. (அதை எனக்கே சொல்லித் தருவதா?) கொழுந்தைச் செம்பாக்குவதும் அதுதானே! தடுக்க வேண்டுமானால் பச்சையிலேயே சூடு காட்ட வேண்டும். துளிர்க் கொழுந்தை வறுத்துப் பொடித்து, மூன்று வேளையும் அவள் கஞ்சியில் கலந்தேன்.

"ஏங்க, ஆட்டுக்குத் தழை வைக்கிற மாதிரி வைக்கிறீங்களே."

"ஒனக்கு உள்ளுக்குள்ள துரு ஏறியிருக்கு. பேசாம குடி."

இரண்டு வாரம் கழித்துக் கிளினிக்கில், ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டரம்மாவின் முகம் மாறியது.

"ரத்தம் உறையப் பாக்குது. இப்படியே விட்டா வால்வு அடைச்சிரும். கல்லீரல் இவ்வளவு சீக்கிரமா தேறி மருந்த உடைச்சிருச்சா, இல்ல ஏதாவது குடுத்தீங்களா?"

"இல்லீங்க," என்றேன்.

"அப்ப மாத்திரைய நல்லாக் கூட்டணும். ஆனா கல்லீரல் தேறாம இருந்தா ரத்தக்கசிவாகிரும்..."

பேனா மருந்துச் சீட்டின் மேல் நின்றது. அறை அமைதியில், செல்வியின் நெஞ்சுக்குள் புது வால்வு டிக் டிக் என்றது கேட்டது. அவள் பையைத் திறந்து, நான் பொடி போட்டு வைத்த டின்னை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"எங்க வீட்டு டாக்டர் குடுத்ததுங்க."

டாக்டரம்மா மூடியைத் திறந்து மோந்தார். "பச்சை இலையில இருக்கிற சத்து அந்த மாத்திரைக்கு நேர் எதிரி," என்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ரத்தம் சரியாகும்வரை செல்வியை வார்டில் வைத்துக்கொண்டார்கள்.

அவள் தேறி வந்தாள். நான்தான் தேறவில்லை. அவளைச் சேர்த்த அன்று பார்வையாளர் நேரம் முடிந்து, தலைகுனிந்து கிளம்பிய என்னிடம் வார்டு வாசலில் அவள் சொன்னதை, இன்றும் நான் வேலைக்குப் புறப்படும் காலையெல்லாம் எங்கள் பிள்ளைகள் கோரஸாகச் சொல்கிறார்கள்:

"பாத்துப் போங்க. போற வழியில யாருக்கும் வைத்தியம் பாத்துறாதீங்க."