முன்வரிசை வயிறுகள்

ஒருவர் பணக்காரப் புறநகரான மார்க்கத்தில் தனி வீட்டில் இருக்கிறாரா, வாடகைக்கு நிலத்தடிப் பேஸ்மென்ரில் இருக்கிறாரா என்பதை வயிற்றை மட்டும் பார்த்துச் சொல்லக்கூடிய மனிதர் இந்த ரொறன்ரோ முழுவதிலும் ஒருவர்தான். அவர் பாரிஸ் அண்ணை.

ஸ்காபரோவில் ஒரு தமிழ் அச்சகத்தில் அவர் மெஷின் ஓட்டினார். நான் கணினியில் பக்கம் அமைத்தேன். கனடாவுக்கு வருமுன் அவர் பாரிஸில் உணவகமொன்றில் கோப்பை கழுவியவர். மிச்ச நேரமெல்லாம் ஆற்றங்கரைப் பழைய புத்தகக் கடைகளில் நின்று, பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கேலிப்படங்களைப் பார்த்துப் பார்த்து விசர் பிடித்தவர். அச்சகத்துக்கு வரும் பெரிய மனிதர் ஒருவரையும் கேலிப்படமாகக் கீறாமல் விடமாட்டார்.

“அண்ணை, ரியல் எஸ்டேட் ஏஜென்ரைக் கீறினதை முதலாளி கண்டால் துலைஞ்சம்,” என்றேன் நான் ஒருநாள்.

“அந்தக் காலத்துப் பிரெஞ்சுக்காரன் அரசனையே அச்சுக் கல்லில கேலியாக் கீறி, அச்சடிச்சு வித்து, மறியலுக்கும் போய்க் கம்பி எண்ணினவன். நீ என்னடாவெண்டால் ரியல் எஸ்டேட் ஏஜென்ருக்குப் பயப்பிடுறாய்!”

ஓர் ஊர்ச் சங்க மலரின் முதல் பக்கத்துக்கு, ரியல் எஸ்டேட் அங்கிள், டொக்டர் உட்பட, காசு கொடுத்த அனுசரணையாளர்கள் ஐவரும் போன விழாவில் முன்வரிசைக் கதிரைகளில் உட்கார்ந்திருக்கும் புகைப்படம் வந்தது. அண்ணை சும்மா இருப்பாரா? ஐந்து வயிறுகளும் கதிரைகளை விட்டு வழிய ஒரு படம் கீறி, ஸ்கான் செய்து, அதே ஃபோல்டரில் போட்டுவைத்தார். அவசரத்தில் நான் அதையே எடுத்து மலரில் வைத்துவிட்டேன். மெஷினில் அதைக் கண்ட அண்ணையும் நிறுத்தவில்லை. விழாவில் மலர் விற்றும் முடிந்தது.

திங்கட்கிழமை முதலாளி மலரோடு வந்து நின்றார். “உந்தக் கூத்தைச் செய்தது ஆர்? ஆளை இண்டைக்கே வேலையால நிப்பாட்டி வீட்டை அனுப்புறன்!”

என் வீட்டில் உழைப்பது நான் ஒருவன்தான். கணினித் திரைக்குப் பின்னால் குனிந்துகொண்டேன்.

“நான்தான்,” என்று பாரிஸ் அண்ணை நெஞ்சை நிமிர்த்தினார். மறியலுக்குப் போக ஆயத்தமான முகம்.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. ரியல் எஸ்டேட் அங்கிள். முதலாளி ஸ்பீக்கரில் போட்டார்.

“தம்பி, நாலு பேரும் அச்சொட்டு, அப்பிடியே உரிச்சு வைச்சிருக்கு! டொக்டற்ற வயித்தைப் பார்த்துச் சிரிச்சே சாகப்போறன். அது சரி, அந்த நடுவில இருக்கிற தடியன் ஆர்?”

அடுத்து டொக்டர். அவரும் அதையேதான் கேட்டார். கதிரை மட்டும் மாறியது. மத்தியானத்துக்குள் ஐவரும் போன் எடுத்து, இன்னும் பிரதிகள் கேட்டார்கள். “அண்ணை, அடுத்த மலருக்கும் நீங்கள்தான் கீறவேணும்!” என்று முதலாளி தேநீர் போட ஓடினார்.

பாரிஸ் அண்ணை தாள் கட்டின்மேல் இடிந்துபோய் உட்கார்ந்தார். “ஒருத்தனுக்கும் சுடேல்லையேடா! ஒருத்தன்கூடத் தன்னைக் காணேல்லை!”

படத்தின் ஒரு மூலையில், தூணுக்குப் பின்னால் பாதி மறைந்து, சாப்பாட்டுத் தட்டோடு ஒருவன் நின்றான். நான் அவனைத் தொட்டுக் காட்டினேன்.

“அண்ணை, இது நானெல்லோ?”

அவர் முகம் மலர்ந்தது. “ஓமடா. உன்னைக் கீறத்தான் கனநேரம் எடுத்தது.”

விழாக்களில் நான் அங்கேதான் நிற்பேன் என்பதை அதுவரை ஒருவரும் கவனித்ததில்லை.