ஸ்கேல் சார் பார்த்த சார்ட்

ஒருவர் நல்ல ஆசிரியரா என்பதை அடி ஸ்கேலால் அளந்து சொல்லிவிடலாம் என்று முழுமனதாக நம்பியவர், பாறசாலைக்கும் வெள்ளறடைக்கும் இடையே ஸ்கேல் சார் ஒருவர்தான். ஆசிரியர் பயிற்சி மாணவர்களின் இறுதி வகுப்புக்கு மார்க் போட வெளியிலிருந்து வருபவர். நாங்கள் பாடம் நடத்துவோம். அவர் சுவரில் தொங்கும் சார்ட்டின் மார்ஜினை அளப்பார். இரண்டு சென்டிமீட்டர் இருந்தால் நல்லாசிரியர். ரெக்கார்டு நோட்டை அவர் திறந்ததே இல்லை. தடிமனை மட்டும் அளப்பார்.

பிள்ளைகளை ஒரு வாரம் முன்பே பழக்கி வைப்பது எங்கள் வழக்கம். என் வகுப்பில் நான் கேள்வியைத் தொடங்கும் முன்பே ஒரு பையன் எழுந்து "ஆவியாதல்" என்றான். சார் நிமிரவில்லை. "மாணவர் ஈடுபாடு மிக நன்று" என்று எழுதினார். நானும் வெட்கமில்லாமல் அந்த மார்க்கை வாங்கிக்கொண்டேன்.

என்னுடன் படித்த ஸ்டெல்லா பொழியூர் கடற்கரைக்காரி. போன வருஷம் மார்ஜின் குறைந்து தோற்றவள். இந்த முறையும் தோற்றால் படித்தது போதும் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். தேர்வன்று பனச்சமூட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மழை பிடித்துக்கொண்டது; சார்ட் கூழாகிவிட்டது. சார்ட் இல்லாவிட்டால் தேர்ச்சி இல்லை என்பது கல்லூரிச் சட்டம்.

வேறு வழியில்லாமல் ஈரத்துணியால் கரும்பலகையைத் துடைத்துவிட்டு, எந்த மூலை முதலில் காயும் என்று பிள்ளைகளிடம் பந்தயம் கட்டினாள். அளக்க ஒன்றும் கிடைக்காமல் சார் கடைசி பெஞ்சில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். அப்போது ஒரு சிறுமி, பழக்கிவைக்காத கேள்வியைக் கேட்டாள்.

"டீச்சரே, இப்பிடி காஞ்சா கடலு மட்டும் ஏன் வத்தல்லை?"

"நீங்களே சொல்லுங்க மக்கா," என்றாள் ஸ்டெல்லா.

ஆறு வந்து நிரப்புகிறது என்றது ஒரு பெஞ்சு. அப்படியானால் ஆறு ஏன் வற்றவில்லை என்றது இன்னொன்று. சண்டை முற்றியபோது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது.

"எலே, மழைய மறந்து போட்டியளே!"

சொன்னவர் ஸ்கேல் சார். சொல்லிவிட்டு, தாளில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

மாலையில் பிரின்சிபல் மதிப்பெண் தாளைப் பார்த்தார். ஸ்டெல்லாவுக்குச் சார்ட் கட்டத்தில் பத்துக்குப் பத்து.

"சார்ட் எங்க சாரே?"

"நான் கண்டாச்சு. நாலு பக்கமும் மார்ஜின் இருக்காக்கும்."

ஸ்டெல்லா இன்று டீச்சர். ஸ்கேல் சார் அடுத்த நாளே வேறு கல்லூரியில் மார்ஜின் அளக்கப் போய்விட்டார், திருந்தவில்லை. அவர் மீது எனக்கு இன்றும் மரியாதை வரவில்லை. பஸ்ஸில் கண்டால் மட்டும் எழுந்து இடம் கொடுத்துவிடுகிறேன்.