பதினேழாம் நம்பர்ப் பானை

சர்க்கார் ஒரு காரியத்தைத் தொடங்கினால் அது ஜனங்களின் நன்மைக்காகத்தான் இருக்கும் என்பது அப்பாத்துரை வாத்தியாரின் திடமான நம்பிக்கை. ஆகையால், பாளையங்கோட்டையில் சர்க்கார் ஒரு காட்சிச்சாலை திறந்து, தாமிரபரணிக் கரையில் தோண்டியெடுத்த பழம்பானைகளை அதில் வரிசையாக வைத்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும், அந்த நன்மை தம் பிள்ளைகளுக்குக் கிடைக்காமல் போய்விடுமோ என்று கவலைப்பட ஆரம்பித்துவிட்டார். அந்த வருஷம் அதுதான் நாகரிகம். பாளையங்கோட்டைக்குப் போய்வந்தவனிடம் முதல் கேள்வியே பானை பார்த்தீரா என்பதுதான். பார்க்காதவனுக்குப் பெண் கொடுக்கவே யோசித்தார்கள்.

வாத்தியாருக்கு ஊர் கொற்கைக்குப் பக்கம். அங்கே கொல்லையைக் கொத்தினால் பானை, கிணறு வெட்டினால் பானை. வீட்டுக் கோழி அடைகாப்பதே அப்படிக் கிடைத்த ஒரு பானையில்தான். அதைப் பார்க்க வண்டி கட்ட வேண்டுமா என்று அவர் மனைவி சாலோமி கேட்டாள். நம் வீட்டில் இருப்பது வெறும் பானை, அங்கே இருப்பது சரித்திரம் என்று வாத்தியார் பொறுமையாக விளக்கினார்.

நல்லவேளையாக அறுப்பின் பண்டிகை வந்தது. விளைச்சலில் ஒரு பங்கை வேதக்கோவிலுக்குப் படைத்து, அதை ஏலம் விடும் பண்டிகை. பாளையங்கோட்டைக் கோவிலில் படைப்பதற்குச் சாலோமி ஒரு குண்டுச் சுரைக்காயை எடுத்து வைத்தாள். முற்றிப்போய்க் கறிக்கு ஆகாது என்று தெரிந்த பிறகுதான் அது காணிக்கைக்கு என்று தீர்மானமாயிற்று. ஏலத்தில் கலந்துவிடாமல் இருக்க, ஊர் உபதேசியார் வழக்கம்போலப் பனையோலை நறுக்கில் நம்பர் எழுதி அதன் காம்பில் கட்டிவிட்டார். பதினேழு.

வண்டியில் போகும்போது ஆறு வயது கிரேஸி அழத் தொடங்கினாள். சுரைக்காய்க்கு மட்டும் மாலை, தனக்கு இல்லையாம். வாயை அடைத்தால் போதும் என்று அந்த ஓலையை அவிழ்த்து அவள் கழுத்தில் கட்டினார்கள். அப்படியே காட்சிச்சாலையில் போய் இறங்கினார்கள். மாடு தின்றுவிடும் என்று சுரைக்காயைச் சாலோமி இடுப்பிலேயே இடுக்கிக்கொண்டாள்.

உள்ளே வாத்தியார் ஒவ்வொரு பானையின் முன்னாலும் நின்று, தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, அட்டையில் எழுதியிருந்ததைச் சத்தமாக வாசித்தார். முழுசா ஒரு பானைகூட இல்லையா என்று மகன் ஹென்றி கேட்டதற்கு, உடைந்தால்தான் மதிப்பு என்றார். அப்படியானால் போன வாரம் தண்ணீர்க்குடத்தை உடைத்ததற்கு ஏன் அடித்தீர்கள் என்று அவன் கேட்டபோது அவர் அடுத்த பானையின் அட்டையை வாசிக்கத் தொடங்கியிருந்தார்.

திரும்பும்போதுதான் வாசலில் சேவகன் சங்கிலிபூதத்தான் கையை நீட்டி மறித்தான்.

"அண்ணாச்சி, நீங்க போவலாம். இந்தப் பிள்ளை போவ முடியாது. நம்பர் கெட்டியிருக்கு. நம்பர் உள்ள சாமான் வாசலைத் தாண்டக்கூடாதுன்னு உத்தரவு."

அவன் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. பெருக்கும்போது பதினேழாம் நம்பர்ப் பானையை அவன்தான் உடைத்தான். மண்ணில் கிடைத்ததை மண்ணுக்கே கொடுப்பதுதான் நியாயம் என்று பின்பக்கம் புதைத்தும் விட்டான். அன்று சாயங்காலம் சோதனைக்குத் துரை வருகிறார். பானையைக் காணோம் என்று சூப்ரண்டு பாபநாசம் பிள்ளை காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

பிள்ளை ஓடிவந்தார். ஓலையைப் பார்த்தார். காலியாகக் கிடந்த இடத்திலிருந்து அட்டையை எடுத்துவந்து, கிரேஸியின் முன்னால் நின்று முறைப்படி சரிபார்த்தார்.

"கிடைத்த இடம், கொற்கை. எந்த ஊர்வே?"

கொற்கைப் பக்கம்தான் என்று வாத்தியார் பொய் சொல்லத் தெரியாமல் ஒப்புக்கொண்டார்.

"வாய்ப்புறம் உடைந்தது." கிரேஸிக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. "வயிறு பெருத்தது." வண்டியில் இருந்த வாழைப்பழம் முழுவதும் அவள் வயிற்றில்தான் இருந்தது. "தட்டினால் ஓசை நன்று." பிள்ளை அவள் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். அவள் போட்ட சத்தத்தில் கூரைப் புறா எல்லாம் பறந்தது. பிள்ளை திருப்தியாகத் தலையாட்டினார்.

"ஐயா, இது என் மகள். ஆறு வயசுதான் ஆகுது."

"அது உம்முடைய சொந்த அபிப்பிராயம். காலத்தை நிர்ணயிக்க வேண்டியது சர்க்கார். சாயங்காலம் துரை பார்ப்பார். பார்த்த சாமானை வைக்கோல் வைத்துக் கட்டிப் பட்டணத்துக்கு ரயிலில் அனுப்புவார்."

வாத்தியாருக்கு நெஞ்சு பதறியது. பெற்ற மகள் அல்லவா. ஆனால் உள்ளதைச் சொல்லவேண்டும்: பட்டணம், ரயில், சர்க்கார் செலவு என்று காதில் விழுந்ததும் அந்தப் பதற்றத்தின் ஓரத்தில் கொஞ்சம் பெருமையும் எட்டிப் பார்த்தது. தம் வம்சத்தில் சர்க்கார் கட்டடத்துக்குள் நிரந்தரமாக நுழைந்தவர் யாருமில்லை. அவர் தாடியைத் தடவிக்கொண்டு, மேற்கொண்டு படிப்புக்கு அங்கே ஏதாவது ஏற்பாடு உண்டா என்று பைய விசாரித்தார்.

சாலோமி அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

"உங்க சரித்திரத்துல தீயை வைக்க," என்றாள். மகளின் கழுத்திலிருந்த ஓலையை அவிழ்த்து, இடுப்பிலிருந்த சுரைக்காயின் காம்பில் திரும்பக் கட்டி, அதைப் பிள்ளையின் கையில் கொடுத்தாள். "இந்தாங்கய்யா உங்க பதினேழு. தட்டிப் பாருங்க."

பிள்ளை தட்டினார். ஓசை நன்றாகவே இருந்தது. வயிறு பெருத்திருந்தது. காம்பு ஒடிந்திருந்தது. ஊர் கொற்கைதான். அவர் கிரேஸியைப் பார்த்தார். நம்பர் இல்லை. நம்பர் இல்லாததைப் பிடித்துவைக்கச் சர்க்காருக்கு அதிகாரம் கிடையாது. சங்கிலிபூதத்தான் கதவைத் திறந்துவிட்டான். ஏலத்துக்குச் சுரைக்காய் இல்லாமல் போனதற்கு உபதேசியார் கோபித்துக்கொண்டதோடு காரியம் முடிந்தது.

முடிந்தது என்றுதான் நினைத்தார்கள். துரைக்கு அந்தப் பானையின் மேல் அப்படி ஒரு பிரியம் வந்துவிட்டதாம். இவ்வளவு லேசாகப் பானை வனைந்த ஜனங்கள் மகா புத்திசாலிகள் என்று சொல்லி, ரயிலில் அனுப்பினால் உடைந்துவிடும், இங்கேயே கண்ணாடிப் பெட்டியில் வையுங்கள் என்று உத்தரவு போட்டுவிட்டார். மறு வருஷம் பண்டிகைக்கு வந்த ஜனங்கள் கோவிலுக்குப் போவதற்கு முன் அங்கேதான் போனார்கள்.

வாத்தியாரும் குடும்பத்தோடு போனார். நெருக்கித் தள்ளி முன்னால் வந்து, காய்ந்து பழுப்பேறிப்போயிருந்த அந்தப் பொருளின் முன்னால் நின்று, தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, அட்டையைச் சத்தமாக வாசித்தார். பாண்டியர் காலத்துக்கும் முந்தியது என்று எழுதியிருந்தது. அந்த வரியை மட்டும் அவர் இரண்டு தரம் வாசித்தார்.

கிரேஸி அவர் வேட்டியை இழுத்தாள். "அப்பா, இது நம்ம வீட்டுச் சுரைக்காய்லா."

"பேசாம இரு பிள்ளே," என்றார் வாத்தியார். "நம்ம வீட்டுல இருந்த வரைக்கும்தான் அது சுரைக்காய்."

பின்னால் நின்ற கூட்டம் ஆமாம் என்று தலையாட்டியது. சாலோமி ஏதோ சொல்ல வாயெடுத்தவள், பக்கத்தில் ஒரு டிப்டி கலெக்டர் வீட்டு அம்மாள் கைகூப்பி நிற்பதைப் பார்த்துவிட்டு, தானும் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். கிரேஸி மட்டும் பெட்டியையே பார்த்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றாள். பிறகு அவளும் அட்டையை எழுத்துக்கூட்டி வாசிக்க ஆரம்பித்தாள். இப்போது அவள் பள்ளிக்கூடம் போகிறாள்.