ஒரு உண்ணி கிடையாது

கல்யாணப் பேச்சு நடக்கும்போது பொய் சொல்லாத மாப்பிள்ளை உண்டா என்ன? சிலர் உயரத்தில் சொல்வார்கள், சிலர் சம்பளத்தில். நான் உண்ணியில் சொன்னேன். (நாய் மேல் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்குமே, அந்த உண்ணியேதான்.)

நெற்குப்பையிலிருந்து வந்த சம்பந்தம். பெண் பெயர் உமையாள், கால்நடை மருத்துவர். ஜாதகம் பொருந்தியதும் எங்கள் இருவரையும் போனில் பேசிக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். நான் அப்போது சென்னை வேலையை வீட்டிலிருந்து பார்க்கிறேன் என்று எங்கள் ஊர் கொத்தமங்கலத்துக்கு வந்து, முக்கால்வாசி நேரம் இயற்கை வாழ்வு வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது தடவை பேசும்போது எனக்குள் இருந்த ஞானி வாயைத் திறந்துவிட்டான்.

"எங்க வீட்டுல ஒரு சொட்டு கெமிக்கல் கிடையாதுங்க. எல்லாமே இயற்கைதான்." (காதோர நரைக்கு அடித்துக்கொண்டிருந்த டை பற்றி மூச்சு விடவில்லை.)

"நாய் வளக்குறதாச் சொன்னீகளே, உண்ணிக்கு என்ன போடுறீக?"

"வேப்பெண்ணெய்தான். ஒரு உண்ணி கிடையாது!"

"அப்படியா? வீடு பாக்க எங்க வீட்டுல வரும்போது நானும் வாரேன். உண்ணியே இல்லாத நாட்டு நாயை நான் இன்னும் பாத்ததில்ல."

போனை வைத்துவிட்டு முறுக்கின் காதை மடித்துப் பார்த்தேன். முறுக்கு எங்கள் நாய். வெள்ளை நிறம், சுருண்ட வால், அதனால் அந்தப் பெயர். காதுக்குள் உண்ணிகள் தேர்த்திருவிழாக் கூட்டம் போல நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. வேப்பெண்ணெயை அது வாழ்நாளில் முகர்ந்ததுகூட இல்லை. எனக்கோ அந்தப் பெண்ணை ரொம்பவே பிடித்துப்போயிருந்தது.

என் ஆச்சி (எங்களில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவோம், அப்பாவை அப்பச்சி என்று) நல்லதைத்தான் சொன்னாள். "காரைக்குடிக்குப் போயி டாக்டர்ட்ட மாத்திரை வாங்கிக் குடுத்துருடா. ரெண்டு நாள்ல உதுந்துரும்."

"கெமிக்கலா? வாக்குக் குடுத்துட்டேன் ஆச்சி."

"யாருக்கு, உண்ணிக்கா?" என்று கேட்டுவிட்டு அவள் பலகாரம் சுடப் போய்விட்டாள்.

வீடு அல்லோலகல்லோலப்பட்டது. அப்பச்சி, வீட்டு நடு முற்றமான வளவைச் சுற்றியிருந்த சுவருக்கெல்லாம் புதுசாகச் சுண்ணாம்பு அடிக்க வைத்திருந்தார். அவர்கள் வருகிற அன்று காலைவரை ஈரம் முழுதாகக் காயவில்லை. "எவனும் சுவத்துப் பக்கம் போகக் கூடாது" என்று பெற்ற மகனிடமே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முறுக்கிடம் யாரும் சொல்லவில்லை.

அன்று காலை வேப்பெண்ணெயில் வேப்பிலையை அரைத்துக் கலந்தேன். அதில் ஒரு ஸ்பூன் மஞ்சள் தூள் போடச் சொல்லியிருந்தார் வீடியோக்காரர். என் அவசரம் அவருக்கு எப்படித் தெரியும்? ஒரு கிண்ணம் போட்டேன். மூக்கிலிருந்து வால் வரைக்கும் அப்பி, காயட்டும் என்று கிணற்றடியில் கட்டிப்போட்டேன்.

பத்தே நிமிஷம். எண்ணெய் வழவழப்பில் கழுத்துப்பட்டையிலிருந்து தலையை உருவிக்கொண்டு முறுக்கு வளவுக்குள் பாய்ந்தது. உடம்பெல்லாம் நமைச்சல், பாவம். ஒரு பக்கச் சுவர் முழுக்கத் தேய்த்துக்கொண்டே போய், திரும்பி எதிர்ப்பக்கச் சுவரிலும் தேய்த்துக்கொண்டு வந்தது.

தேய்த்த இடம் மஞ்சளாக இருந்திருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். சிவந்தது! (மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும். விசேஷத்துக்கு விசேஷம் ஆலத்தி கரைக்கிற வீட்டில் பிறந்த இன்ஜினியருக்கு அது அப்போதுதான் ஞாபகம் வந்தது.) பிடிக்க ஓடினேன். வழுக்கிச் சுவரைப் பிடித்தேன். ஐந்து விரலும் ரத்தச் சிவப்பில் பதிந்தன. ஈரத்துணியால் துடைத்தேன். கை அகலத்துக்கு இருந்தது பாய் அகலத்துக்கு ஆனது.

"அடப்பாவி!" என்று அப்பச்சி தலையில் கை வைத்துக்கொண்டார். "நல்ல காரியம் பேச வர்ற அன்னைக்கு, கெடா வெட்டுன மாதிரியில்லடா இருக்கு!"

அப்போதுதான் வாசலில் கார் வந்து நின்றது.

முதலில் வந்த உமையாளின் அம்மா, "ஆத்தாடி!" என்று நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். அவருக்குப் பின்னால் வெள்ளை வேட்டியில் அவள் அப்பா. உமையாள் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. விலாவெல்லாம் சிவப்பு அப்பி நின்ற முறுக்கைப் பார்த்ததும் பட்டுச்சேலையோடு தரையில் மண்டியிட்டுவிட்டாள்.

"எங்க அடிபட்டுச்சு? யாரு வெட்டுனது?"

எல்லாரும் என் கையைப் பார்த்தார்கள்.

அவள் குனிந்து மோந்து பார்த்தாள். "வேப்பெண்ணெய்." விரலால் தேய்த்துப் பார்த்தாள். "மஞ்சள்." சுவரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, நிதானமாக முறுக்கின் காதை மடித்தாள்.

"ஒரு உண்ணி கிடையாதுன்னு சொன்னீக?"

"பொய் சொன்னேங்க."

"வேற என்னென்ன பொய் சொன்னீக?"

"தலைக்கு... டை அடிக்கிறேன்."

முறுக்கு அந்த நேரம் பார்த்துத்தானா உடம்பை உதற வேண்டும்? அவள் அப்பாவின் வேட்டியெல்லாம் மஞ்சள் பொட்டு. அதில் ஒரு பொட்டு மட்டும் மெல்ல மேலே நடக்க ஆரம்பித்தது. சரி, இந்தச் சம்பந்தம் இத்தோடு போயிற்று என்று முடிவே செய்துவிட்டேன்.

அவர் அந்த உண்ணியைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். தலையில் வைத்த கையை இன்னும் எடுக்காத அப்பச்சியைப் பார்த்தார். "அதான் ஆலத்தி எடுத்தாச்சே, பெறகென்ன? உள்ள போவோம் வாங்க" என்றார்.

முதலில் சிரித்தது உமையாள்தான்.

பலகாரத்துக்கு உட்காருமுன் அவளும் நானும் கிணற்றடியில் முறுக்கைக் குளிப்பாட்டினோம். "வேப்பெண்ணெய் மேல கோவமில்ல" என்றாள். "தண்ணியா கலந்து தடவுனா, புதுசா ஏறுறது கொஞ்சம் ஒதுங்கும். ஒட்டி உக்காந்ததை அது ஒண்ணும் பண்ணாது. நாய் நக்குனா வயித்தக் கெடுக்கும். உண்ணிக் காய்ச்சல் வந்தா உசுரே போயிரும், தெரியுமா?"

தெரியாது. என் பெருமைக்கு முறுக்கின் உயிரை அல்லவா பணயம் வைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது.

காரில் இருந்த பையிலிருந்து அதன் எடைக்குத் தக்க மாத்திரையை எடுத்துவந்தாள். "கெமிக்கல்தான். பரவாயில்லையா?"

"எனக்கும் ஒண்ணு குடுங்க" என்றேன்.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. அன்றுமுதல் எங்கள் இரு வீட்டிலும் யார் ஆலத்தித் தட்டை எடுத்தாலும், "முறுக்கு வந்தாச்சா?" என்று யாராவது கேட்காமல் இருப்பதில்லை. இப்போது முறுக்கின் மருந்துக்குத் தேதி குறித்து வைத்திருப்பவள் உமையாள். நரையை அதன் போக்கில் விட்டுவிட்டேன்.

போன மாதம் எங்கள் மகளை நெற்குப்பையிலிருந்து முதன்முதலாக வீட்டுக்குக் கூட்டிவந்தோம். ஆச்சி வாசலில் தட்டோடு நின்றாள். "கொஞ்சம் பொறு ஆத்தா, எடுக்க வேண்டியவரு வரலையே" என்றார் மாமனார். சத்தம் கேட்டு முறுக்கு வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தது. உமையாள் பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு, வாசற்படியில் குனிந்து அதன் காதை மடித்துப் பார்த்தாள்.

"ஒரு உண்ணி கிடையாது" என்றாள்.