சோமனூர் பார்சல் லைனும் ஆறு பவுன் சங்கிலியும்

நெருப்பெரிச்சல்,
அமாவாசை, இரவு பதினொன்றே முக்கால்

அன்புள்ள கந்தவேல் அண்ணாவுக்கு,

உங்கள் தங்கை அமராவதி எழுதுவது. இந்த அகாலத்தில் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். பாப்பா இப்போதுதான் தூங்கினாள். எழுத்து கோணலாக இருந்தால் அது தூக்கக் கலக்கம்தான், அழுகை என்று நினைத்துப் பயந்துவிடாதீர்கள். இங்கு யாவரும் நலம். பாப்பாவுக்கு இரண்டு பல் முளைத்திருக்கிறது. இரண்டாலும் என்னைத்தான் கடிக்கிறாள். அங்கே அண்ணிக்கு இருமல் தேவலையா?

வெள்ளிக்கிழமை உங்கள் மாப்பிள்ளை ஈரோட்டுக்கு வந்து, உங்கள் லாக்கரில் இருக்கும் என் ஆறு பவுன் சங்கிலியைக் கேட்பார். சாவியைக் காணோம் என்றாவது சொல்லிவிடுங்கள், கொடுக்காதீர்கள். பனியன் கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசராக இருந்தது போதுமாம், சோமனூர் பார்சல் லைனை வாங்கப் போகிறாராம். பார்சல் கம்பெனிக்காரர்கள் திருப்பூர் ஆபீசோடு நின்றுவிடுவார்கள், அங்கிருந்து ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது காண்ட்ராக்ட். மங்கலம், சாமளாபுரம், சோமனூர் வரைக்கும் பதினாறு வருஷமாக ஹிதாயத்துல்லா பாய்தான் சேர்க்கிறார். இப்போது இடுப்பு வலியில் மூட்டை தூக்க முடியவில்லை என்று மெட்டடோர் வேனோடு லைனையும் விற்கிறார். உங்கள் மாப்பிள்ளை, "நீ பி.காம் படிச்சவ, ஒரு நாள் வண்டியில போயிப் பாத்துட்டு வாங்கலாமா வேண்டாமான்னு நீயே சொல்லு" என்று தலையில் கட்டிவிட, நல்ல காரியத்துக்கு அமாவாசைதான் உத்தமம் என்று என் மாமியார் நாள் குறித்துக் கொடுக்க, இன்று காலை இடுப்பில் பாப்பாவும் கையில் கோடு போட்ட நோட்டுமாக வேனில் ஏறினேன்.

சாமளாபுரம் வந்தால் ஊர் கப்சிப். அந்த ஊரைத் தறிச் சத்தம் இல்லாமல் நான் கேட்டதே இல்லை அண்ணா, காது அடைத்துவிட்டதோ என்று விரலை விட்டுக் குடைந்துகொண்டேன். முதல் தறிக்கூடம் பூட்டு. அடுத்ததும் பூட்டு. நோட்டில் வரிசையாக 'பூட்டு, பூட்டு' என்று எழுதிக்கொண்டே வந்தவளுக்கு நாலாவது பூட்டில்தான் உறைத்தது, அமாவாசைக்குத் தறி ஓட்டமாட்டார்கள் என்று. நல்ல நாள் பார்த்துத் தொழில் பார்க்க வந்தவள், தொழிலே நடக்காத நாளில் வந்து நிற்கிறேன்!

"ஏனுங்க பாய், முன்னாலயே சொல்லக் கூடாதுங்களா?"

"உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்கெப்படிம்மா தெரியும்? நாளைக்கோ நாளானிக்கோ எங்களுக்குப் பிறை. அப்ப இன்னிக்கு உங்களுக்கு அமாவாசை. இதுக்குக் காலண்டர் எதுக்கு?"

சொல்லிவிட்டு வண்டியை நேராகக் கோயிலுக்கு விட்டார். தறிப் பட்டறை மணியனுக்கு ஒரு பார்சல் இருந்தது. பாய் உள்ளே போகவில்லை. வாசலில் கிடந்த நாற்பது ஐம்பது ஜோடி செருப்பை ஒரு பார்வை பார்த்தார். "அதா, குதிகால் தேஞ்சது, வாரு நீலம். மணியன் உள்ளதான் இருக்கறாரு" என்று அந்தச் செருப்புப் பக்கத்திலேயே நின்றார். பத்து நிமிஷத்தில் நெற்றியில் விபூதியோடு மணியன் வந்து காலை நுழைத்தார், கையெழுத்தும் போட்டார். எனக்கு வாய் மூடவில்லை. "மணியா, இனிமே இந்தம்மாதான்" என்று பாய் என்னைக் காட்ட, "இன்னும் முடிவு பண்ணலீங்க!" என்று நான் கத்த, பாப்பா மிரண்டு அழுதாள். இப்படியே மாமனார் வீட்டில் ஒருவர், கிணற்றடியில் ஒருவர், சாப்பாட்டுக்கு இலை முன்னால் ஒருவர் என்று, பூட்டிய ஊரில் ஒரு பார்சல்கூடத் திரும்பவில்லை அண்ணா!

சோமனூர் போவதற்குள் பாப்பா தன் பங்குக்கு ஒரு லேபிள் பார்சலை நனைத்துவிட்டாள். எக்ஸ்போர்ட் சட்டைக்கான லேபிள். செத்தேன் என்று நினைத்தேன். அங்கே தையல் எடுக்கும் பெரியாத்தாள் பிரித்துப் பார்த்து, "கொழந்தை தானுங்க கண்ணு, அழுவாதீங்க. பாய் வண்டியில வந்தா நனைஞ்சு வந்தாலும் நல்லதுதான்" என்று கொடியில் வரிசையாகக் காயப் போட்டார்.

அங்கேதான் அண்ணா எனக்குப் பயம் பிடித்தது. வேனை வாங்கலாம், கம்பெனிக் காகிதத்தைப் பெயர் மாற்றலாம். ஆனால் லைன் இருப்பது பாயின் தலைக்குள். அதைக் கழற்றியா கொடுப்பார்? உங்கள் மாப்பிள்ளைக்குத் தன் செருப்பே அடையாளம் தெரியாது, போன மாதம் கல்யாண வீட்டில் யாருடையதையோ மாட்டிக்கொண்டு வந்தார். ஆகவே சங்கிலி லாக்கரிலேயே இருக்கட்டும்.

அண்ணிக்கு வணக்கம், குழந்தைகளுக்குப் பாப்பாவின் இரண்டு பல் முத்தம். உங்கள் ஆசியை என்றும் வேண்டும்,
அமராவதி.

பி.கு.: விடிந்துவிட்டது. இதைத் தபாலில் போடக் கதவைத் திறந்தால் மணியன் நிற்கிறார். திருப்பூருக்கு வேலையாக வந்தவராம், ஊர் திரும்ப இரண்டு நாள் ஆகுமாம். "புது லைன்காரம்மா ஊடு இதுதானுங்களா? பாய் சொன்னாருங்க" என்று சோமனூரில் இருக்கும் தன் பங்காளிக்குச் சேர்க்கச் சொல்லி ஒரு பார்சலை நீட்டினார். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "அவரு அமாவாசைக்கு எந்தக் கோயிலுக்குங்க போவாரு? செருப்பு என்ன நிறமுங்க?" என்று கேட்டுவிட்டேன். அவர் பதிலும் சொல்லிவிட்டார், நான் கோடு போட்ட நோட்டில் எழுதியும்விட்டேன். வண்டியை உங்கள் மாப்பிள்ளை ஓட்டட்டும், செருப்பை நான் பார்த்துக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமை சங்கிலியைக் கொடுத்து அனுப்புங்கள். மேலே எழுதியதை அவரிடம் காட்ட வேண்டாம். சீக்கிரம் பதில் போடுங்கள்.